தொட்டி இல்லாத செடி: பாசி உருண்டை கட்டுவதும் காப்பதும்

மண்தொட்டி, சிமெண்ட் தொட்டி, குரோ பேக் என்று பலவற்றில் செடி வளர்க்கிறோம். இங்கே பார்க்கப்போகும் செடிக்குத் தொட்டியே கிடையாது. வேரைச் சுற்றி மண்ணை உருண்டையாகப் பிடித்து, அதன்மேல் பச்சைப் பாசியைப் போர்த்தி, நூலால் சுற்றிக் கட்டித் தொங்கவிடுகிறோம். தொங்கவிட இடமில்லாதவர்கள் ஒரு தட்டிலோ சிரட்டையிலோ உட்கார வைக்கலாம்.

ஜப்பானில் இதற்குக் கோகெடாமா என்று பெயர். தொட்டிக்குள் வேர் நிறைந்து இறுகிப்போன பொன்சாய்ச் செடியை அப்படியே உருவித் தட்டில் வைத்து அழகு பார்க்கும் வழக்கம் அங்கே உண்டு. அந்த வேர்க்கட்டியின் மேல் நாளடைவில் பாசி படரும். பாசி உருண்டை பிறந்தது இந்த வழக்கத்திலிருந்துதான். 1990களில் அது ஜப்பானிய வீடுகளில் பரவியது. பின்னர் ஆம்ஸ்டர்டாமைச் சேர்ந்த ஃபெடோர் வான் டெர் வால்க் பல உருண்டைகளைக் கயிற்றில் வரிசையாகத் தொங்கவிட்டு ஒரு தோட்டமாகவே அமைத்துக் காட்டினார். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இது பேசப்பட அவருடைய தோட்டங்கள் ஒரு காரணம்.

ஆசைப்பட்டு வாங்கிவந்த பாசி உருண்டை ஒரே கோடையில் கருகிப் போனதாகச் சொல்பவர்கள் பலர். குளிர்ந்த மலையில் வளர்ந்த பாசியையும், காய்ந்தால் மறுபடி நீரை ஏற்க மறுக்கும் பீட் மண்ணையும் நம் வெயிலில் தொங்கவிட்டால் வேறென்ன நடக்கும்? இதற்குத் தேவையானதெல்லாம் நம் கன்னியாகுமரி மாவட்டத்திலேயே இருக்கிறது. மதிலில் பாசி, வயலில் களிமண், தும்பு ஆலையில் நார், கடற்கரையில் தூண்டில் நரம்பு. இவற்றால் கட்டிய உருண்டை நம் காற்றுக்குப் பழகியதாக இருக்கும், நிலைத்தும் நிற்கும்.

முதலில் உங்கள் வீட்டுக் காற்றைப் பாருங்கள்

தொட்டி மண் பெரும்பாலும் மேற்பரப்பு வழியாகத்தான் ஈரத்தை இழக்கும். உருண்டையோ எல்லாப் பக்கமும் இழக்கும். ஆகவே மண்ணைவிடக் காற்றுதான் இதன் ஆயுளைத் தீர்மானிக்கிறது. நம் மாவட்டம் சிறியது, ஆனால் காற்று ஊருக்கு ஊர் மாறும்.

விளவங்கோடு, கல்குளம், திருவட்டாறு பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை என்று இரண்டு மழையும் கிடைக்கின்றன. ரப்பர் தோட்டமும் தென்னந்தோப்பும் சூழ்ந்த வீடுகளில் காற்று ஈரமாகவே இருக்கும். பாசி உருண்டைக்கு மாவட்டத்தில் மிகப் பொருத்தமான பகுதி இதுதான்.

ஆரல்வாய்மொழி, தோவாளை, முப்பந்தல் பக்கம் நிலைமை நேர்மாறானது. காற்றாலைகளைச் சுழற்றும் அதே கணவாய்க் காற்று, தொங்கும் உருண்டையை அரை நாளில் உலர்த்திவிடும். அங்கே இருப்பவர்கள் தொங்கவிடும் எண்ணத்தை விட்டுவிட்டு, மதில் மறைவிலோ குளியலறை ஜன்னலிலோ தட்டில் வைத்து வளர்ப்பது நல்லது.

மணக்குடி, முட்டம், குளச்சல் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று பாசியின்மேல் படியும். கடலைப் பார்த்த பக்கம் வேண்டாம். வீட்டின் எதிர்ப்பக்கத்தில் வைத்து, வாரம் ஒருமுறை மழைநீரையோ உப்பில்லாத நல்ல நீரையோ தெளித்துப் பாசியைக் கழுவிவிட வேண்டும்.

எங்கே இருந்தாலும் வெளிச்சம் வேண்டும், உச்சி வெயில் கூடாது. வடக்குப் பார்த்த திண்ணை, பழைய வீடுகளின் நடுமுற்றத்து ஓரம், கிணற்றடி நிழல் ஆகியவை நல்ல இடங்கள். காலை வெயில் சற்று நேரம் பட்டால் குற்றமில்லை. ஏசி ஓடும் அறை, மின்விசிறிக்கு நேர் கீழ் ஆகிய இரண்டும் கூடவே கூடாது.

பாசி: எதை எடுப்பது, எதைத் தொடக்கூடாது

படிக்கட்டில் வழுக்கும் பச்சைப் படலத்தையும் பாசி என்றுதான் சொல்கிறோம், ஆனால் அது நமக்கு உதவாது. தொட்டால் வெல்வெட் போல மெத்தென்றிருப்பது, நகத்தால் நெம்பினால் சிறு விரிப்பாக மண்ணோடு கழன்று வருவது, அதுவே வேண்டும். அந்த விரிப்பில் இருப்பது ஆயிரக்கணக்கான குட்டிச் செடிகள். அவற்றுக்கு உண்மையான வேர் இல்லை. இலையாலேயே நீரைக் குடிக்கின்றன. பிடித்து நிற்க மட்டும் மெல்லிய இழைகள் உண்டு.

நம் சிமெண்ட் மதில்களில் மிகச் சாதாரணமாகக் காணப்படும் ஹையோஃபிலா என்ற பாசியைக் கோடையில் ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். இலைகளின் விளிம்பு உள்நோக்கிச் சுருண்டு, செத்துப்போனது போல் பழுப்பாக இருக்கும். ஒரு சொட்டு நீர் விடுங்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே இலைகள் அவிழ்ந்து, சின்னஞ்சிறு நட்சத்திரங்களாகப் பச்சையாய் விரியும். காய்ந்து கிடந்து மீண்டும் உயிர்க்கும் இந்தத் திறன்தான் உருண்டைக்குத் தேவை. மலைக்காட்டின் மரப்பட்டையில் தொங்கும் நீளப் பாசிக்கு நம் சமவெளிக் கோடையைத் தாங்கும் பழக்கம் இல்லை.

பாசியை எடுக்க ஏற்ற காலம் ஜூலை முதல் டிசம்பர் வரை. கிறிஸ்துமஸுக்கும் பொங்கலுக்கும் முன்பு வெள்ளையடிக்க மதிலைச் சுரண்டுவார்கள். வீணாகப் போகும் அந்தப் பாசியைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். வெட்டுக்கல் மதில், ஓட்டுக்கூரை, தென்னை மூடு, கிணற்றுச் சுவர் எல்லாம் நல்ல இடங்களே. கொத்தனார் கரண்டியைப் படுக்கையாகச் செருகி, உள்ளங்கை அளவுத் துண்டுகளாக எடுங்கள். ஓரிடத்தில் இருப்பதில் பாதியையாவது விட்டுவிட்டால் அடுத்த மழைக்குள் மீண்டும் மூடிக்கொள்ளும். பூச்சிமருந்தோ களைக்கொல்லியோ அடித்த இடத்துப் பாசி வேண்டாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். உங்கள் கிணற்றுநீர் சுண்ணாம்புத்தன்மையோடு இருந்தால், சிமெண்ட் மதிலில் வளர்ந்த பாசியையே எடுங்கள். அது சுண்ணாம்பிலேயே வளர்ந்தது. வெட்டுக்கல்லிலும் மரப்பட்டையிலும் வளர்ந்த பாசி அத்தகைய நீரில் மெல்ல மஞ்சளாகிவிடும்.

காட்டிலிருந்து பாசி எடுக்கக் கூடாது. காளிகேசம், கீரிப்பாறை, பேச்சிப்பாறைக்கு மேலுள்ள மலைகள் காப்புக்காடுகள். அவற்றில் பெரும்பகுதி 2008இல் அறிவிக்கப்பட்ட கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயத்தைச் சேர்ந்தது. அங்கிருந்து அனுமதியின்றி எதை எடுத்தாலும் 1882ஆம் ஆண்டுத் தமிழ்நாடு வனச் சட்டத்தின்படியும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படியும் குற்றம். சட்டத்தை விடப் பெரிய காரணமும் இருக்கிறது. பாறையிலும் மரத்திலும் படர்ந்த பாசி மழைநீரை உறிஞ்சிப் பிடித்து, ஓடைக்கு மெல்ல மெல்லக் கொடுக்கிறது. காட்டு விதைகள் முளைக்கவும் சிற்றுயிர்கள் ஒண்டவும் அது மெத்தையாகிறது. நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியின் தாவரவியலாளர் ஏ.இ.டி. டேனியல்ஸ் மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடிப் பாசிகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து வகைப்படுத்தியவர். பி. டேனியலுடன் சேர்ந்து 2013இல் அவற்றைப் பற்றித் தனி நூலே வெளியிட்டார். அந்த மலையில் எத்தனை வகைப் பாசி இருக்கிறது என்று அந்த நூலைப் புரட்டினால் தெரியும். ஒரு திண்ணை அலங்காரத்துக்காக அந்தப் பாசியைப் பிய்த்தெடுக்க மனம் வராது.

வீட்டிலேயே பாசி வளர்க்க

அடிக்கடி உருண்டை கட்டுபவர்கள் பாசியையும் தாங்களே வளர்த்துக்கொள்ளலாம். உடைந்த நாட்டு ஓட்டை எடுத்து, அதன்மேல் களிமண்ணையும் சலித்த செம்மண்ணையும் குழைத்து மெல்லியதாகப் பூசுங்கள். நிழலில் காயவைத்த மதில் பாசியைக் கையால் நொறுக்கித் தூவி, விரலால் அழுத்திவிடுங்கள். ஒடிந்த துணுக்கிலிருந்தே புதுப் பாசி முளைக்கும். ஜூன் மாதம் முதல் மழையோடு இதைச் செய்து, மதிலோர நிழலில் வைத்தால் மழையே நீரூற்றிவிடும். ஓணம் கழியும்போது ஓடு பச்சையாகியிருக்கும். மோர், தயிர், சர்க்கரை எதுவும் ஊற்ற வேண்டாம். நம் ஈரக்காற்றில் அவற்றால் வளர்வது பூஞ்சைதான்.

மண் கலவை

ஜப்பானில் கெட்டோ, அகடமா என்ற இரண்டைக் கலப்பார்கள். கெட்டோ என்பது சதுப்புநில நாணல் மட்கி உருவான கரிய பசைமண். அகடமா எரிமலை மண்ணின் பருக்கைகள். முதலாவது ஒட்டிப் பிடித்து ஈரம் காக்கும், இரண்டாவது வேருக்குக் காற்று விடும். நமக்கு அந்த மண் வேண்டாம், அந்த இரண்டு வேலையும் நடந்தால் போதும்.

* வயல் களிமண் அல்லது மண்பாண்டம் செய்பவர்களிடம் வாங்கிய களிமண்: 4 பங்கு
* கழுவிய தென்னை நார்க்கழிவு: 3 பங்கு
* பயறளவு உடைத்த செங்கல் அல்லது ஓட்டுத் துணுக்கு: 2 பங்கு
* சலித்த மண்புழு உரம்: 1 பங்கு

களிமண் எடுக்க ஏற்ற காலம் கும்பப்பூ அறுவடை முடிந்து வயல் காய்ந்திருக்கும் மார்ச் மாதம். உங்கள் வயலிலோ, தெரிந்தவர் வயலிலோ கேட்டு ஒரு சாக்கு எடுத்து, உடைத்து, சலித்து வைத்துக்கொண்டால் ஆண்டு முழுதும் போதும்.

நார்க்கழிவைக் கழுவாமல் சேர்க்காதீர்கள். கதம்பை, அதாவது தேங்காய் மட்டை, ஊறப்போட்ட நீரில் உப்பிருந்தால் அது நார்க்கழிவிலும் இருக்கும். ஒரு வாளியில் நன்னீரில் இரவு முழுதும் ஊறவைத்து, பிழிந்து, நீரை மாற்றி, இப்படி மூன்று முறை செய்யுங்கள். பிழியும் நீரின் காப்பி நிறம் வெளுத்துவிட்டால் போதும்.

எல்லாவற்றையும் சேர்த்து, நீரைச் சிறிது சிறிதாகத் தெளித்துக் கொழுக்கட்டை மாவுப் பதத்தில் பிசையுங்கள். ஒரு எலுமிச்சை அளவு உருட்டி முழங்கால் உயரத்திலிருந்து தரையில் போட்டுப் பாருங்கள். தட்டையாகி நின்றால் பதம் சரி. சிதறினால் களிமண் போதவில்லை. பிசுபிசுவென்று தரையில் ஒட்டிக்கொண்டால் செங்கல் துணுக்கும் நார்க்கழிவும் கூட்ட வேண்டும்.

எந்தச் செடி?

பாசிக்குப் பிடித்த நிழலும் ஈரமும் எந்தச் செடிக்குப் பிடிக்குமோ அதுவே பொருத்தம். மதில் இடுக்கில் தானாக முளைக்கும் பெரணி, மணி பிளாண்ட், சிங்கோனியம், பெப்பரோமியா, ஸ்பைடர் பிளாண்ட் ஆகியவை முதன்முறை கட்டுபவர்களுக்கு ஏற்றவை. வல்லாரை உருண்டையின் எல்லாப் பக்கமும் கொடியிறங்கித் தொங்கும், துவையலுக்கும் ஆகும். திப்பிலியும் அழகாக வரும். நம் மலையடிவாரத்தில் நிழல்வலைக்குக் கீழ் வளர்க்கப்படும் அந்தூரியத்தின் சிறிய கன்றுகளையும் முயலலாம்.

ரோஜா, பிச்சி, செம்பருத்தி, துளசி போன்றவை வெயில் கேட்கும், கற்றாழையும் கள்ளியும் காய்ச்சல் கேட்கும். இவை வேண்டாம். ஆர்கிட் வைப்பதானால் களிமண் இல்லாமல் கதம்பைத் துண்டுகளிலேயே கட்ட வேண்டும். செடியின் உயரம் உருண்டையின் விட்டத்தைப் போல இரண்டு மடங்குக்குள் இருந்தால் ஆடாமல் நிற்கும்.

கட்டும் முறை

1. முந்தின நாளே செடிக்கு நன்றாக நீரூற்றி வையுங்கள். பாசித் துண்டுகளின் அடிமண்ணைச் சுரண்டி அரை சென்டிமீட்டருக்கு மேல் இல்லாமல் பாருங்கள். எறும்பு, நத்தை, புல்வேர் இருந்தால் நீக்கிவிட்டு, ஈரத்துணியில் பொதிந்து வையுங்கள்.

2. செடியைப் பையிலிருந்து எடுத்து, பழைய மண்ணில் பாதியை உதிர்த்துவிடுங்கள். சுருண்ட வேரை விரலால் நிமிர்த்தி, அழுகியதைக் கத்தரியுங்கள்.

3. வேரைச் சுற்றி மென்மையான தும்பை மெல்லியதாகப் போர்த்தி, வாழைநாரால் இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். தோவாளையில் பூக்கட்டப் பயன்படும் அதே வாழைநார் போதும். சில வாரங்களில் மட்கிவிடும், அதற்குள் வேர் வெளியே வந்துவிடும்.

4. பிசைந்த மண்ணை இரண்டு கிண்ணங்களாகப் பிடித்து, வேரை நடுவில் வைத்து மூடுங்கள். இரு கையாலும் சுற்றிச் சுற்றி அழுத்தி உருண்டையாக்குங்கள். முதல் உருண்டைக்குப் பத்து சென்டிமீட்டர் விட்டம் போதும். தண்டின் அடி மண்ணுக்குள் புதையாமல் பார்த்துக்கொள்ளுங்கள், புதைந்தால் அழுகும்.

5. உருண்டையின் மேற்பரப்பை ஈரமாக்கி, பாசியை அடியிலிருந்து மேலாக ஒட்டிக்கொண்டு வாருங்கள். துண்டுக்குத் துண்டு இடைவெளி விடாமல், ஓரங்கள் முட்டும்படி வைத்து உள்ளங்கையால் அழுத்துங்கள். மண்ணுக்கும் பாசிக்கும் இடையில் காற்று நின்றால் அந்த இடம் காய்ந்து உதிரும்.

6. இப்போது நூல். பருத்தி நூல் நம் ஈரத்தில் இரண்டு மூன்று மாதத்தில் இற்றுப்போகும். அதற்குள் பாசி பிடித்துக்கொண்டால் நல்லதுதான். தொங்கவிடும் உருண்டைக்கோ தங்கூசி வேண்டும், அதாவது தூண்டிலுக்குப் போடும் நைலான் நரம்பு. கண்ணுக்குத் தெரியாது, இற்றும் போகாது. ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, உருண்டையைத் திருப்பித் திருப்பி எல்லாத் திசையிலும் சுற்றுங்கள். பாசி நசுங்காத அளவு இறுக்கம் போதும். கடைசி முனையை முந்திய சுற்றுகளுக்கு அடியில் நுழைத்து முடிச்சிடுங்கள்.

7. தொங்கவிடுவதானால் மூன்று இழைக் கயிறு கட்டுங்கள். பத்து சென்டிமீட்டர் உருண்டை நனைந்தபின் அரைக் கிலோவுக்கு மேல் கனக்கும். ஒற்றை இழையையும் சுவரில் ஒட்டும் கொக்கியையும் நம்பக் கூடாது.

8. முடிந்ததும் வாளி நீரில் பத்து நிமிடம் அமிழ்த்தி எடுத்து, நீர் வடியவிடுங்கள்.

முதல் மூன்று வாரம் வெயிலும் காற்றும் படாத நிழலில் வையுங்கள். காலையும் மாலையும் பாசியின்மேல் நீர் தெளியுங்கள். பாசியை மெதுவாக இழுத்துப் பார்த்தால் கழன்று வராமல் இருந்தால், அது மண்ணைப் பிடித்துவிட்டது. அதன்பிறகு நிரந்தர இடத்துக்கு மாற்றலாம்.

நீர் விடுவது

இதில்தான் பெரும்பாலான உருண்டைகள் சாகின்றன. நாள் கணக்கு வைத்து நீர் விடாதீர்கள், எடை பார்த்து விடுங்கள். உருண்டையை நனைத்து, நீர் வடிந்தபின் சமையலறைத் தராசில் நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த எடையில் கால் பங்கு குறைந்ததும் மறுபடி அமிழ்த்துங்கள். 600 கிராம் இருந்தது 450 ஆனால் நீர் வேண்டும் என்று பொருள். சில வாரம் இப்படிச் செய்தால் கையில் தூக்கிய மாத்திரத்திலேயே தெரிந்துவிடும். அதன்பின் தராசு தேவையில்லை.

அமிழ்த்தும்போது காற்றுக்குமிழி எழும். குமிழி நின்றதும் எடுத்துவிடலாம். பத்து நிமிடத்துக்கு மேல் போட்டு வைத்தால் களிமண் கரையத் தொடங்கும். பிழியாதீர்கள், தொங்கவிட்டு வடியவிடுங்கள்.

எடை குறையும் வேகம் பருவத்துக்குப் பருவம் மாறும். மேற்குப் பகுதியில் ஆடிச் சாரல் காலத்தில் வாரம் ஒருமுறை அமிழ்த்துவதே அதிகம். ஜனவரி, பிப்ரவரியில் பனி இருந்தாலும் பகல் காற்று வறண்டது, ஏமாந்துவிடக் கூடாது. மார்ச் முதல் மே வரை ஒருநாள் விட்டு ஒருநாள் தேவைப்படலாம், மாலையில் பாசிக்குத் தெளிப்பும் வேண்டும்.

மழைநீர் மிக நல்லது. கூரையில் விழும் முதல் மழையை விட்டுவிட்டு, அடுத்ததை மூடிய கேனில் பிடித்து வையுங்கள். குழாய்நீரில் குளோரின் வாசம் இருந்தால் ஓரிரவு வைத்திருந்து பயன்படுத்துங்கள். அமிழ்த்திய வாளிநீரை அன்றே மற்ற செடிகளுக்கு ஊற்றிவிடுங்கள். உருண்டைக்கு அடியில் உள்ள தட்டில் நீர் தேங்கவிடாதீர்கள். டெங்கு பரப்பும் கொசுவுக்கு அந்த ஒரு தட்டே போதும்.

உரம்

பாசிக்கு உரம் தேவையில்லை, மிகுந்தால் கருகும். உள்ளிருக்கும் செடிக்காக, மாதம் ஒருமுறை, லிட்டருக்கு அரை கிராம் மட்டும் நீரில் கரையும் 19:19:19 உரம் கலந்த நீரில் அமிழ்த்தலாம். காய்ந்த உருண்டையை உரநீரில் போடாதீர்கள். முதலில் வெறும் நீரில் நனைத்து, பிறகு உரநீரில் ஒரு நிமிடம் காட்டினால் போதும். கனமழை மாதங்களில் உரமே வேண்டாம்.

கோளாறும் தீர்வும்

பாசி முழுதும் பழுப்பாகிவிட்டதா? தூக்கிப் போடாதீர்கள். அமிழ்த்தி எடுத்து நிழலில் வைத்து, தினமும் தெளித்து வாருங்கள். காய்ச்சலால் வந்த பழுப்பென்றால் பச்சை திரும்பும். திட்டுத்திட்டாக வெளுத்து, மேலே வெள்ளைப் பொடி படிந்திருந்தால் நீரின் உப்பு காரணம். மழைநீருக்கு மாறுங்கள்.

செடியின் கீழ் இலைகள் மஞ்சளாகி, உருண்டை எப்போதும் கனமாகவே இருந்தால் நீர் அதிகம். சாக்கடை வாசம் வந்தால் வேர் அழுகத் தொடங்கிவிட்டது. உடனே பிரித்து, கெட்ட வேரை வெட்டி, செங்கல் துணுக்குக் கூட்டிய புது மண்ணில் கட்டுங்கள்.

உருண்டை நீரில் மூழ்காமல் மிதந்தால் உள்ளே முற்றிலும் காய்ந்துவிட்டது. கையால் அமுக்கிப் பிடித்துக் குமிழி அடங்கும்வரை வைத்திருங்கள், மறுநாளும் அப்படியே செய்யுங்கள்.

எறும்பு குடியேறினால் அமிழ்த்தும் நேரத்திலேயே வெளியேறிவிடும். நத்தையைக் காலையில் கையால் பொறுக்குங்கள். உப்பு போடாதீர்கள், அது பாசியைக் கொன்றுவிடும்.

மறுகட்டு

ஒன்றிரண்டு ஆண்டில் பாசியைத் துளைத்து வேர் வெளியே வரும். உருண்டைக்கு அதுதான் முழு வளர்ச்சி. தங்கூசியை அறுத்து, பாசியைப் பத்திரமாக உரித்து எடுங்கள். வேரின் நுனியைக் கத்தரித்துப் புது மண் சேர்த்து, முன்பைவிட இரண்டு சென்டிமீட்டர் பெரிதாகக் கட்டி, அதே பாசியைப் போர்த்துங்கள். போதாத இடத்துக்கு ஓட்டில் வளர்த்த பாசி கைகொடுக்கும். இன்னும் பெரிதாகக் கட்ட விருப்பமில்லை என்றால் தங்கூசியை நீக்கிவிட்டு, உருண்டையை அப்படியே மண்ணில் வைத்துவிடலாம். பெரணியானால் கிணற்றடி, மணி பிளாண்டானால் தென்னை மூடு பொருத்தமான இடம்.

இந்த வேலையை முதன்முதலாகத் தொடங்குபவர்களுக்கு ஒரு வரிசை சொல்கிறேன். மார்ச்சில் களிமண் எடுத்து வையுங்கள், மே மாதம் நார்க்கழிவைக் கழுவிக் காயவையுங்கள், ஜூனில் ஓட்டில் பாசி தூவுங்கள், ஆகஸ்டில் முதல் உருண்டையைக் கட்டுங்கள். அடுத்த கோடை வருவதற்குள் அதற்கு ஏழு மாத அவகாசம் கிடைத்து, பாசி இறுகப் பிடித்திருக்கும்.